மலாயில் வாசிக்கவில்லை என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவனா?

செம்பனை_சிப்புட்:
அக்கா மகன் சிறைக்கு உள்ளே போய் எட்டு மாதம். போன வாரம் அவன் கடிதம் வந்தது, நாலே வரி. ‘அம்மா’வுக்குப் புள்ளி இல்லை, ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிட்டது, ‘போனேன்’ என்பதில் கொம்பு இருக்கிறது, காலைக் காணோம். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்க்குப் பழக ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டோடு நின்றுவிட்டான். உள்ளே மலாயில் ஒரு பத்தி கொடுத்தார்களாம், தடுமாறியதும் படிக்கத் தெரியாதவன் என்று பாரத்தில் எழுதிவிட்டார்களாம். மலாய்தான் வரவில்லையா, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாட்டால் எழுத்தே பிடிபடவில்லையா என்று யார் பார்த்தது? தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும்.

லயத்து_வீடு:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. என் மனைவி சங்கிலியை அறுத்தவனும் எழுத்து வராதவன்தான். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வகுப்பில் வாசிக்க முடியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலில் அவர்களைப் பாருங்கள். டிஸ்லெக்சியா என்று சீட்டு கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் அதையே சாக்குச் சொல்வான்.

செம்பனை_சிப்புட்:
அண்ணே, அண்ணிக்கு நடந்தது கொடுமை. தண்டனையைக் குறைக்கவா கேட்டேன்? டெக்சஸ் சிறைகளில் 2000-இல் வந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்லெக்சியா. அவர்களும் ஒரு காலத்தில் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள்தானே?

மீனா_டீச்சர்:
டெக்சஸ் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். 2003-இல் ஸ்வீடனில் சாமுவெல்சன் என்ற ஆய்வாளரின் குழு கைதிகளைச் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியாவைவிட வாசித்து எழுதிப் பழகாததே பெரிய காரணம் என்றது. பிரித்துப் பார்க்க ஒரு வழி, ‘மிடுகம்’, ‘தபோணி’ மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வது. மனப்பாடமாகச் சொல்ல முடியாது, எழுத்தை ஒலியாக்கித்தான் ஆகவேண்டும், டிஸ்லெக்சியா உள்ளவர் அங்கேதான் அதிகம் திணறுவார். ‘பல்லி’யை வைத்து முடிவு கட்டாதீர்கள், ல ள குழப்பம் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது, பேச்சில் வித்தியாசம் காட்டாததால் வருவது. எனக்கு அந்தக் காணாமல்போன கால்தான் உறுத்துகிறது.

லயத்து_வீடு:
பழக்கம்தான் காரணம் என்றால் சோதனை எதற்கு டீச்சர்? நேரே வகுப்பு நடத்தலாமே.

மீனா_டீச்சர்:
எந்த வகுப்பு? பழகாதவனுக்கு நிறைய வாசிக்கக் கொடுக்கலாம். டிஸ்லெக்சியா உள்ளவனிடம் புத்தகத்தை மட்டும் குவித்தால் இரண்டாவது முறையும் தோற்பான். ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, மறுபடி மறுபடி இணைத்துக் காட்டவேண்டும்.

லயத்து_வீடு:
அது புரிகிறது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைக்கு அப்புறம்தான் கைதி, இதில் நான் மாறமாட்டேன்.

செம்பனை_சிப்புட்:
சரி அண்ணே. டீச்சர், அடுத்த முறை பார்க்கப் போகும்போது அந்த அர்த்தமில்லாத சொற்களைக் கேட்டுப் பார்க்கிறேன். பதில் கடிதத்தை அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன், பெரிய எழுத்தில், வரிக்கு மூன்றே சொல்.