ஃப்ரீ டிஷ் ரெக்கார்டர்: படம் கட்டம் கட்டமா உடையுது, கரண்ட் போய் வந்தா ரெக்கார்டிங்கையே காணோம்

ராயக்கோட்டை_தக்காளி:

வீட்டுலயே செட் பண்ண டிவி ரெக்கார்டர். சாமான்: ராஸ்பெரி பை 4 (4 ஜிபி; கையளவு கம்ப்யூட்டர், சுருக்கமா பை), யுஎஸ்பி டிவிபி-எஸ்2 (சாட்டிலைட் டிவி) ட்யூனர் ஒண்ணு, 1 டிபி 2.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க் (தனி அடாப்டர் கிடையாது, பையில இருந்தே கரண்ட்), 60 செ.மீ. டிஷ், யுனிவர்சல் எல்என்பி (டிஷ் முன்னாடி சிக்னலைப் பிடிக்கிற தலை), ஆர்ஜி6 கேபிள் 25 மீட்டர் போல. சாஃப்ட்வேர் டிவிஹெட்எண்ட் (ட்யூனர்ல வர்ற சேனலை ரெக்கார்ட் பண்றது). இப்போதைக்கு டிடி ஃப்ரீ டிஷ் மட்டும்தான்.

ஒரு சேனல் ரெக்கார்ட் ஆனா சுத்தமா இருக்கு. அதே ட்ரான்ஸ்பாண்டர்ல (பல சேனலைச் சேர்த்து அனுப்புற ஒரு அலைவரிசை) ரெண்டாவது சேனலையும் போட்டா ரெண்டுமே கட்டம் கட்டமா உடையுது. எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு தூக்கல்ங்கிற அளவு) 11 டிபிக்குக் குறையல. ஆனா 11550 மெகாஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்பாண்டர்ல இருக்கிற சேனல்கள் மட்டும் தனியா போட்டாலும் உடையுது, 11090-ல அந்தத் தொல்லை இல்ல.

இன்னொண்ணு: கரண்ட் போய் வந்தா அன்னிக்கு ராத்திரி ரெக்கார்டிங் டிஸ்க்ல இல்ல. எஸ்டி கார்டு என்னவோ நிறைஞ்சு கிடக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

அதியமான்கோட்டை:

இது ஒரே கோளாறு இல்லைங்க, தனித்தனியா மூணு. பிரிச்சுப் பார்த்தாத்தான் பிடிபடும்.

டிவிஹெட்எண்ட்ல ஸ்டேட்டஸ், அதுக்குள்ள ஸ்ட்ரீம் பக்கத்தைத் திறந்து வைங்க. ட்ரான்ஸ்போர்ட் எரர், கன்டின்யூட்டி எரர்னு ரெண்டு காலம் இருக்கும். சிக்னல் சதவீதத்தை நம்பாதீங்க, அது ட்யூனருக்கு ட்யூனர் ஒவ்வொரு கணக்கு. இந்த ரெண்டு எண்ணும்தான் பேசும்.

டிவி சிக்னல் 188 பைட் பாக்கெட்டா வருது. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் 0-ல இருந்து 15 வரைக்கும் சுத்துற வரிசை எண் இருக்கும். நடுவுல ஒண்ணு விட்டுப்போனா கன்டின்யூட்டி எரர். வானத்துல இருந்து வந்த பாக்கெட்டே திருத்த முடியாத அளவு கெட்டிருந்தா ட்யூனர் அதுல ஒரு கொடி போட்டு அனுப்பும், அதுதான் ட்ரான்ஸ்போர்ட் எரர். ஆக, ட்ரான்ஸ்போர்ட் எரர் ஏறினா டிஷ், எல்என்பி, கேபிள், கனெக்டர் பக்கம் தேடுங்க. அது பூஜ்யமா இருந்து கன்டின்யூட்டி மட்டும் ஏறினா டிஷ்ஷைத் தொடவே தொடாதீங்க. ட்யூனருக்குள்ள நல்லபடியா வந்த பாக்கெட் அதுக்கப்புறம்தான் தொலையுது: யுஎஸ்பி, கரண்ட், டிரைவர். ரெண்டுமே பூஜ்யம், ஆனா ஃபைல் திக்குதுன்னா டிஸ்க் எழுதுற வேகம் இல்லைன்னா ப்ளேயர். சேனல் பிடிக்கிற முதல் நொடியில நாலஞ்சு கன்டின்யூட்டி எரர் வரும், அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்.

ரெண்டு ரெக்கார்டிங் போட்டா உடையுது, எஸ்என்ஆர் அசையலைன்னா எனக்கு முதல் சந்தேகம் கரண்ட் மேலதான். பை 4-ல நாலு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். 2.5 இஞ்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது அதுவே 1 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வோல்டேஜ் 4.63-க்குக் கீழ இறங்கினா பை அதைக் குறிச்சு வைக்கும். கெட் த்ராட்டில்டு கமாண்டைக் கொடுங்க: 0எக்ஸ்0 வந்தா நல்லது. 0எக்ஸ்50000 வந்தா பூட் ஆனதுல இருந்து எப்பவோ இறங்கியிருக்கு, 0எக்ஸ்50005 வந்தா இந்த நிமிஷமே இறங்கித்தான் இருக்கு. கர்னல் லாக்ல யுஎஸ்பி ரீசெட் வரி இருக்கான்னும் பாருங்க.

மருந்து: தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப், இல்லைன்னா சொந்த அடாப்டரோட வர்ற 3.5 இஞ்ச் டிஸ்க். பைக்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். மொபைல் சார்ஜரும் நீளமான மெல்லிசு வயரும் வேண்டாம். டிஸ்க் நீல போர்ட்ல, ட்யூனர் கறுப்பு போர்ட்ல. அப்புறமும் டிஸ்க் ரீசெட் ஆனா சாட்டா-யுஎஸ்பி கேபிள்ல இருக்கிற சிப்புக்கு யுஏஎஸ் (யுஎஸ்பி டிஸ்க்கோட வேகமா பேசுற முறை) ஒத்துக்கலைன்னு அர்த்தம். யுஎஸ்பி ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் வரியில அந்த அடாப்டரோட ஐடியைப் போட்டு யுஏஎஸ்ஸை அணைச்சிடுங்க. வேகம் கொஞ்சம் குறையும், டிவிக்கு அது ஒரு பொருட்டே இல்ல. 3 மெகாபிட் ஓடுற எஸ்டி சேனல் மணிக்கு 1.35 ஜிபிதான் எழுதும்.

சந்தூர்_மல்கோவா:

11550 விஷயம் வேறு. யுனிவர்சல் எல்என்பி கீழ்ப் பட்டையில் 9750-ஐக் கழித்துத்தான் கேபிளில் இறக்குகிறது. 11090 கழித்தல் 9750 என்றால் 1340 மெகாஹெர்ட்ஸ். 11550 என்றால் 1800. ட்ரான்ஸ்பாண்டரின் அகலத்தையும் சேர்த்தால் 1780-லிருந்து 1820 வரை பரவும். 4ஜி டவர்கள் 1800 பட்டையில் செல்போனுக்கு அனுப்பும் சிக்னல் 1805-இல் தொடங்குகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் டவர் இருந்து கேபிளின் கவசமும் சரியில்லை என்றால் அது நேராக உள்ளே நுழைந்து அந்த ஒரு ட்ரான்ஸ்பாண்டரை மட்டும் கெடுக்கும். இங்கே ட்ரான்ஸ்போர்ட் எரர் ஏற வேண்டும். ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் கையால் திருகி மாட்டும் எஃப் கனெக்டர். அதை வெட்டி எறிந்துவிட்டு கம்ப்ரெஷன் கனெக்டர் போடுங்கள், இரண்டு முனையிலும். நடுவில் ஜாயின்ட் இருந்தால் எடுத்துவிட்டு ஒரே கேபிளாக இழுங்கள். பின்னல் அடர்த்தியாக உள்ள ஆர்ஜி6 வாங்குங்கள். மலிவு கேபிளில் பின்னலை விரித்துப் பார்த்தால் ஆங்காங்கே நாலு கம்பிதான் இருக்கும். எல்என்பி முனையில் தண்ணீர் இறங்கினால் செம்புப் பின்னல் பச்சை பூத்துவிடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

டிஷ்ஷைத் திருப்ப வேண்டி வந்தால்: ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து திசை 128 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்குப் பக்கம். ஏற்றம் 67 டிகிரி. தருமபுரிக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் வராது. ஆஃப்செட் டிஷ் என்பதால் தட்டு அவ்வளவு மல்லாந்து தெரியாது, நாற்பத்து சொச்சம் டிகிரி சாய்ந்திருந்தால் போதும். இவ்வளவு உயரத்தில் பார்ப்பதால் தூரத்து மாமரமோ பக்கத்து வீட்டு மாடியோ மறைக்காது; டிஷ்ஷுக்கு மேலேயே கவிந்த கிளைதான் மறைக்கும். எல்என்பியை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி எஸ்என்ஆர் உச்சம் வரும் இடத்தில் இறுக்குங்கள். நம் ஊருக்குச் சாய்வு நிறையவே வரும், நேராக வைத்தால் எஸ்என்ஆர் குறைந்துவிடும்.

இனி படிப்பவர்களுக்கு ஒன்று: டிவிஹெட்எண்டில் மக்ஸை (ட்ரான்ஸ்பாண்டரை அது அழைக்கும் பெயர்) கையால் சேர்க்கும்போது 11090 என்று போட்டால் ஸ்கேன் தோற்றுப்போகும். அலைவரிசை கிலோஹெர்ட்ஸில், 11090000. சிம்பல் ரேட் 29500 அல்ல, 29500000. போலரைசேஷன் (அலை அதிரும் வாக்கு) வி, அதாவது செங்குத்து.

கேஆர்பி_டேம்:

கரண்ட் கட் விவகாரத்துக்குள்ளயும் ரெண்டு சங்கதி இருக்கு ப்ரோ.

பை 4-ல கடிகாரமே கிடையாது. கரண்ட் வந்ததும் பை அரை நிமிஷத்துல எழுந்திடும், மோடம் நெட் பிடிக்க அதைவிட நேரமாகும். அதுவரைக்கும் பைக்குத் தெரிஞ்ச மணி, கடைசியா சேமிச்சு வெச்ச பழைய மணிதான், அதனால ரெக்கார்டிங் நேரம் தப்பிடும். டிஎஸ்3231 ஆர்டிசி (பேட்டரியில ஓடுற கடிகாரம்) மாட்யூல் ஒண்ணு வாங்கி மாட்டுங்க: 3.3 வோல்ட் பின் 1, எஸ்டிஏ பின் 3, எஸ்சிஎல் பின் 5, கிரவுண்ட் பின் 9. கான்ஃபிக் ஃபைல்ல ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே வரியைச் சேர்த்துட்டு, ஃபேக் ஹெச்டபிள்யூ க்ளாக் பேக்கேஜைக் கழட்டிடுங்க. ரெண்டும் இருந்தா ஒண்ணை ஒண்ணு குழப்பும்.

எஸ்டி கார்டு நிறையறது இதனால: டிஸ்க் மவுண்ட் ஆகறதுக்கு (ஃபோல்டரோட இணையறதுக்கு) முன்னாடியே டிவிஹெட்எண்ட் கிளம்பிடுது. மவுண்ட் ஆகாத ஃபோல்டர்னா அது எஸ்டி கார்டுல இருக்கிற வெறும் ஃபோல்டர், அதுக்குள்ளயே எழுதித் தள்ளும். அப்புறம் டிஸ்க் மேல வந்து உட்கார்ந்ததும் அந்த ஃபைல் கண்ணுக்கே தெரியாது. டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிப் பாருங்க, காணாமப் போன ரெக்கார்டிங் எல்லாம் அங்கதான் இருக்கும். அதை நகர்த்தின பிறகு வெறும் ஃபோல்டருக்கு சேட்டர் கமாண்ட்ல ப்ளஸ் ஐ கொடுத்துப் பூட்டிடுங்க, இனிமே அதுல யாராலயும் எழுத முடியாது. எஃப்எஸ்டேப்ல டிஸ்க்கை யுயுஐடி வெச்சு, நோஃபெயில் சேர்த்து எழுதுங்க. டிவிஹெட்எண்ட் சர்வீஸுக்கு ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார் வரியில இந்த ஃபோல்டரைக் காட்டுங்க.

டிஸ்க் எக்ஸ்ட்4 தானே? ஃபேட்32-னா ஒரு ஃபைல் 4 ஜிபியோட நின்னுடும், நீளமான கிரிக்கெட் மேட்ச்னா மூணு மணி நேரத்துல கதை முடிஞ்சுது. ஃபோல்டர், டிவிஹெட்எண்ட் ஓடுற ஹெச்டிஎஸ் யூசர் பேர்ல இருக்கணும்.

பைக்கும் மோடத்துக்கும் சின்ன யுபிஎஸ் ஒண்ணு போட்டா இதுல பாதி வேலை மிச்சம். ஆனா டிஸ்க்குக்கும் ட்யூனர் அடாப்டருக்கும் அதுல இருந்தே கரண்ட் போகணும், பைக்கு மட்டும் போட்டுப் பயனில்ல.

ராயக்கோட்டை_தக்காளி:

எல்லாருக்கும் நன்றிங்க. 0எக்ஸ்50000 தான் வந்துச்சு. பவர்டு ஹப் போட்டதும் கன்டின்யூட்டி எரர் நின்னுடுச்சு, ரெண்டு சேனலும் சுத்தம். 11550-ல ட்ரான்ஸ்போர்ட் எரர் ஏறத்தான் செய்யுது, கம்ப்ரெஷன் கனெக்டர் வாங்கணும்.

இன்னும் ரெண்டு கேள்வி. வேற வேற ட்ரான்ஸ்பாண்டர்ல ரெண்டு சேனல் வேணும்னா ட்வின் எல்என்பி மாத்தணுமா? அரசு கேபிள் பாக்ஸ்ல வர்ற சேனலை இதே பெட்டியில ரெக்கார்ட் பண்ண வழி இருக்கா?

அதியமான்கோட்டை:

ரெண்டாவது ட்யூனர் வேணும். ட்வின் எல்என்பி வேண்டாம். வழக்கமா ஒரு ட்யூனர் செங்குத்து போலரைசேஷனுக்கு 13 வோல்ட் கேட்கும், இன்னொண்ணு கிடைமட்டத்துக்கு 18 கேட்கும், அந்தச் சண்டைக்குத்தான் ட்வின். ஃப்ரீ டிஷ் முழுக்க ஒரே போலரைசேஷன், எல்லாமே கீழ்ப் பட்டை. ரெண்டு ட்யூனரும் எப்பவும் 13 வோல்ட்தான் கேட்கும். அதனால சாட்டிலைட் ஸ்ப்ளிட்டர் ஒண்ணு போதும்: மேல 2400 மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கணும், ஒரு பக்கம் மட்டும் பவர் பாஸ். கேபிள் டிவிக்குப் போடுற 1000 மெகாஹெர்ட்ஸ் ஸ்ப்ளிட்டர் இங்க உதவாது. 4 டிபி போல லெவல் குறையும், அது பரவாயில்ல. ஆனா 11550 கனெக்டரைச் சரி பண்ணிட்டு அப்புறம் இதைச் செய்யுங்க. ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற ஆர்டிஎல்2832 ஸ்டிக்கை ட்யூனர்னு நம்பி வாங்கிடாதீங்க, அது டிவிபி-டி (தரைவழி டிவி) மட்டும்தான்.

கேபிள் பாக்ஸ் சேனல் பூட்டி வருது, ட்யூனரால நேரா எடுக்க முடியாது. ஹெச்டிஎம்ஐ பக்கம் ஹெச்டிசிபி பூட்டு. மிச்சம் இருக்கிறது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர். ஈசிகேப் மாதிரி கேப்சர் ஸ்டிக்ல 720 பெருக்கல் 576, நொடிக்கு 25 ஃப்ரேம் கிடைக்கும். எஸ்டிகே1160 சிப் இருந்தா லினக்ஸ் கர்னலே அடையாளம் கண்டுக்கும். ஆனா ஒரே டப்பாவுக்குள்ள வேற வேற சிப் போட்டு விக்கிறாங்க, திருப்பித் தர வசதி இருக்கிற இடத்துல வாங்குங்க. இதுல எம்பெக் பாக்கெட் வராது, பை தானே என்கோட் பண்ணணும். பை 4-ல ஹெச்264 ஹார்டுவேர் என்கோடர் இருக்கு, பை 5-ல அது இல்ல. படம் ஒரு டிவைஸ், சத்தம் வேற டிவைஸா வர்றதால மணிக்கணக்குல ஓடினா உதடும் பேச்சும் விலகும். எஃப்எஃப்எம்பெக்ல ஆடியோ ரீசாம்பிள் ஃபில்டரை அசிங்க் 1000 வெச்சு ஓட்டினா சேர்ந்தே நிக்கும். சேனலை மட்டும் பாக்ஸ்ல நீங்களே முன்கூட்டி வெச்சிருக்கணும், இல்லைன்னா யுஎஸ்பி ஐஆர் ப்ளாஸ்டர் வாங்கி ரிமோட் கோடைப் பழக்கணும்.