புது லைஃப் டாக்ஸ் மசோதா: கார் புக் பண்ணியவர்கள் அவசரப்பட வேண்டுமா?

பள்ளத்தூரான் | 13 அக்டோபர் 2023

எல்லோருக்கும் வணக்கம். லைஃப் டாக்ஸை, அதாவது வண்டியைப் பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் மோட்டார் வாகன வரியை உயர்த்தும் மசோதா இந்த வாரம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து அமல் என்று இன்னும் அறிவிக்கவில்லை.

காரைக்குடி ஷோரூமில் ஒரு பெட்ரோல் கார் புக் செய்திருக்கிறோம். எக்ஸ்-ஷோரூம் விலை (லைஃப் டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் சேராதது) 9,86,000. அதே வண்டி இரட்டை வண்ணத்தில் (மேல்கூரை மட்டும் கறுப்பு) 16,000 கூடுதல். வீட்டில் எல்லோருக்கும் இரட்டை வண்ணம்தான் பிடித்திருக்கிறது. டெலிவரி ஆயுத பூஜைக்கு, இல்லையென்றால் தீபாவளிக்கு என்கிறார்கள். "புக்கிங் தேதிதான் கணக்கு, பழைய வரியே வரும், கவலைப்படாதீங்க" என்று சேல்ஸ் தம்பி சொல்கிறார். அது சரியா? மொத்தத்தில் எவ்வளவு கூடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் கணக்கர்

முதலில் விகிதத்தைப் பார்த்துவிடுவோம். இப்போது கார்களுக்கு இரண்டே அடுக்குதான்: 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. மசோதாவில் அது நான்காகிறது. 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். பைக், ஸ்கூட்டருக்கு இப்போது 8. இனி ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12.

உங்கள் 9,86,000 வண்டிக்கு இன்று கட்டினால் 98,600. புது விகிதத்தில் 1,28,180. வித்தியாசம் 29,580.

ஆனால் வரி உயர்வைவிட நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கறுப்புக் கூரையை. 16,000 சேர்ந்தால் விலை 10,02,000 ஆகிவிடும். நம் லைஃப் டாக்ஸ் வருமான வரி மாதிரி கிடையாது. 10 லட்சத்தைத் தாண்டிய 2,000 ரூபாய்க்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று இல்லை, முழு விலைக்கும் மேல் விகிதம்தான். இன்றைய சட்டத்திலேயே அந்த வண்டிக்கு 15 சதவீதம், அதாவது 1,50,300. புது சட்டத்தில் 1,80,360. ஆகவே 16,000 ரூபாய் பெயின்ட், கூடும் வரியும் சேர்த்து, இன்று வாங்கினால் 67,700 ஆகிறது, பிறகு வாங்கினால் 68,180. இதோடு 10 லட்சத்தைத் தாண்டிய பில் என்பதால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார், 10,020 ரூபாய். அது உங்கள் பான் எண்ணில் ஏறி, ரிட்டர்ன் போடும்போது கழிந்துவிடும். ஆனால் கையிலிருந்து இப்போது போக வேண்டும்.

ஒற்றை வண்ணமே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கூரைதான் வேண்டும் என்றால் பதிவு முடிந்த பிறகு வெளியில் ராப் (வண்ண ஸ்டிக்கர் தாள்) ஒட்டிக்கொள்ளலாம். கூரைக்கு மட்டும் என்பதால் ஆர்.சி.யில் உள்ள பிரதான நிறம் மாறாது.

தேவகோட்டை ஆச்சி

புக்கிங் தேதி கணக்கு என்பது தவறு. அட்வான்ஸ் கட்டிய ரசீது உங்களுக்கும் டீலருக்கும் இடையில் உள்ள விஷயம். அரசுக்கு அதில் சம்பந்தம் இல்லை. வண்டியைப் பதிவு செய்ய வாகன் தளத்தில் (அரசின் வண்டிப் பதிவு இணையதளம்) வரி கட்டும் அன்று எந்த விகிதம் அமலில் இருக்கிறதோ அதுதான் வரும். தற்காலிகப் பதிவு எண் வாங்கி வைத்தாலும் விகிதம் உறுதியாகாது.

மசோதா நிறைவேறியது என்றால் நாளைக்கே அமல் என்றும் அர்த்தம் இல்லை. ஆளுநர் ஒப்புதல் வேண்டும், அரசிதழில் வர வேண்டும், அமல் தேதியை அறிவிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். 21 சனி, 22 ஞாயிறு, 23 ஆயுத பூஜை, 24 விஜயதசமி. நான்கு நாள் ஆர்.டி.ஓ அலுவலகம் மூடியிருக்கும். 23ஆம் தேதி பிள்ளையார்பட்டியில் வண்டியை நிறுத்திப் பூஜை போட வேண்டும் என்றால், 20 வெள்ளிக்குள் ஆய்வாளர் வண்டியைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். அதற்கு 17 அல்லது 18க்குள் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், வரி மூன்றும் முடிந்திருக்க வேண்டும். கடன் வாங்குகிறீர்கள் என்றால் வங்கி பணம் விடுவித்த பிறகுதான் டீலர் இன்வாய்ஸ் போடுவார். பெரும்பாலும் தாமதம் ஆவது இங்கேதான். சாங்ஷன் கடிதம் கையில் இருந்தாலும் மார்ஜின் தொகை (கடன் போக நீங்கள் போட வேண்டிய பங்கு) கட்டாமல் இருந்தால் பணம் நகராது.

டீலரிடம் கேட்க வேண்டியது "டெலிவரி எப்போது" என்பதை அல்ல. "என் வண்டிக்குச் சேஸிஸ் எண் ஒதுக்கியாச்சா" என்று கேளுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் பொறித்திருக்கும் தனி அடையாள எண் அது. எண் ஒதுக்காத வண்டிக்கு இன்வாய்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, வரியும் கட்ட முடியாது. எண் கொடுத்துவிட்டால் மற்றது இரண்டு மூன்று நாள் வேலை. ஃபார்ம் 20 (பதிவு விண்ணப்பம்), 21 (விற்பனைச் சான்று), 22 (வண்டியின் தகுதிச் சான்று), முகவரிச் சான்று, பான் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள். ஆதாரில் சென்னை முகவரி, வீடு பள்ளத்தூரில் என்று நம் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கும். TN 63 Z (காரைக்குடி) எண் வேண்டும் என்றால் இந்தப் பக்கத்து முகவரிச் சான்று காட்ட வேண்டும். கடைசி நாளில் இதற்காக அலைய வேண்டாம். வரி எந்த ஆர்.டி.ஓ.விலும் ஒன்றுதான். காரைக்குடி பக்கம் சிவகங்கையில் சேரும், பொன்னமராவதி பக்கம் இருப்பவர்கள் புதுக்கோட்டை.

பள்ளத்தூரான்

ரொம்ப நன்றி ஆச்சி. கணக்கர் அண்ணே, கூரை விஷயத்தில் தப்பிக்க வைத்தீர்கள். இன்னொரு சந்தேகம். வரி ஏறுவதற்குள் வாங்கிவிடலாம் என்று டீலர் யார்டில் நிற்கிற வேறு வேரியன்ட்டைத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

கீழச்சீவல்பட்டி மெக்கானிக்

வேண்டாம் தம்பி. 29,580 ரூபாய்க்காகப் பிடிக்காத வண்டியைப் பத்து வருஷம் ஓட்ட முடியாது.

யார்டில் நிற்பது எப்போது தயாரித்த வண்டி என்று பாருங்கள். ஃபார்ம் 21இல் மாதம், வருடம் எழுதியிருக்கும். ஏழெட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் முதலில் பேட்டரி, பிறகு டயர் பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்பு, வைப்பர் ரப்பர் இறுகிப்போவது, பிரேக் டிஸ்க்கில் துரு. நின்ற இடத்திலேயே நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள்: இன்ஜின் ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்து பேட்டரி 12.4க்குக் கீழே காட்டினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விலையிலும் அவசரம் நம் பக்கம் இல்லை. டிசம்பரில் வருடக் கடைசிச் சரக்கைத் தள்ள டீலர்கள் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். 6 முதல் 10 லட்சம் வரை உள்ள வண்டிக்கு வரி உயர்வு 18,000 முதல் 30,000 வரை. ஓரளவு நல்ல தள்ளுபடி கிடைத்தால் அதில் பெரும்பகுதி ஈடாகிவிடும். ஆனால் தள்ளுபடியை இன்வாய்ஸ் விலையிலேயே குறைத்துப் போடச் சொல்லுங்கள். சீட் கவர், மேட், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாகக் கொடுத்தால் வரிக்கான விலை குறையாது.

20 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் கதை வேறு. 24 லட்சம் வண்டிக்கு இன்று 3,60,000, பிறகு 4,80,000. சேஸிஸ் எண் கிடைத்தால் அவர்கள் உடனே முடிப்பதுதான் சரி.

கோட்டையூர் கணக்கர்

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம்.

கூடும் வரியைக் கடனில் சேர்த்தால் கணக்கு மாறும். 29,580ஐ 9 சதவீத வட்டியில் 7 வருடத்துக்குப் போட்டால் மாதம் 476 ரூபாய், கடைசியில் சுமார் 40,000 கட்டியிருப்பீர்கள். முடிந்தால் வரியைக் கையிலிருந்து கட்டுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். புது வண்டியின் ஐ.டி.வி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) எக்ஸ்-ஷோரூமில் 5 சதவீதம் கழித்துத்தான் வரும், உங்களுக்கு 9,36,700. அதில் லைஃப் டாக்ஸ் இல்லை. வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ கட்டிய வரி போனதுதான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கவர் சேர்த்தால் பில் விலையோடு பதிவுச் செலவும் வரியும் திரும்பக் கிடைக்கும். வரி 13, 18 என்று ஏறும்போது முதல் மூன்று வருடத்துக்கு இந்தக் கவர் அவசியம் என்பேன்.

மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் சின்ன கார் விலையிலேயே, 2023 நிலவரப்படி, 28 சதவீதம் ஜி.எஸ்.டி, 1 சதவீதம் செஸ் இருக்கிறது. 10 லட்சத்தில் சுமார் 2,25,000 அது. அந்த வரியும் சேர்ந்த விலை மீதுதான் லைஃப் டாக்ஸ். வரிக்கு வரி கட்டுகிறோம். இதில் அதிகம் அடிபடுவது முதல் கார் வாங்கும் குடும்பம்தான். 4,80,000 வண்டிக்கே 48,000 இனி 57,600 ஆகிறது. கீழ் அடுக்கையாவது பழைய 10 சதவீதத்தில் விட்டிருக்க வேண்டும்.

கானாடுகாத்தான் 1980

பெங்களூரில் இருக்கும் மகன் KA எண் காரை இங்கே அனுப்பப் போகிறான். அதற்கும் இந்த உயர்வு வருமா? பழைய கார் வாங்குகிறவர்களுக்கு?

தேவகோட்டை ஆச்சி

தமிழ்நாட்டுக்குள்ளேயே பழைய கார் வாங்கினால் லைஃப் டாக்ஸ் ஏற்கெனவே கட்டியது, பெயர் மாற்றத்துக்கு மறுபடி வரி இல்லை. ஆனால் புது வண்டி விலை ஏறினால் பழைய வண்டிக்காரர்களும் விலை ஏற்றுவார்கள். அதைப் பேசிக் குறைக்கலாம்.

வெளி மாநில வண்டிக்கு வரி உண்டு, ஐயா. வண்டியின் விலை, வயது இரண்டையும் பார்த்துப் போடுவார்கள். அங்கே ஃபார்ம் 28இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஃபார்ம் 27 கொடுத்துப் புது எண் எடுக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் KA எண்ணிலேயே இங்கே வைத்திருக்கக் கூடாது. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு இங்கே வரி கட்டிய ரசீதும் புது ஆர்.சி.யும் வேண்டும். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம்.

புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே ஒரு வாடகை முகவரி காட்டிப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். வண்டி வழக்கமாக நிற்கும் ஊரில்தான் பதிய வேண்டும். பிடிபட்டால் முழு வரியோடு அபராதமும் வரும்.

தேவகோட்டை ஆச்சி | 9 நவம்பர் 2023

புது விகிதம் இன்று முதல் அமல். இன்வாய்ஸ் போட்டு வரி கட்டாமல் இருப்பவர்களுக்கும் புதுக் கணக்குதான். தீபாவளி டெலிவரிக்குக் காத்திருப்பவர்கள் டீலர் கொடுத்த பழைய ஆன்-ரோடு (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த) விலைத்தாளை வைத்துப் பணம் கட்ட வேண்டாம். லைஃப் டாக்ஸ், பதிவுக் கட்டணம், டீலர் சர்வீஸ் சார்ஜ் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கேளுங்கள். சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600, ஆர்.சி.யில் கடன் குறிப்பு ஏற்ற 1,500, ஸ்மார்ட் கார்டு 200. வரி ஏறிவிட்டது என்ற சாக்கில் "ஆர்.டி.ஓ செலவு" என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டிருந்தால், வாகன் ரசீதைக் காட்டச் சொல்லிவிட்டு மீதியைக் கட்டுங்கள்.