மகளிர் குழுவில் மார்பகப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கணும்: சரியான முறை எது?

பாலக்கோடு_குழு (கேள்வி)

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்க சுயஉதவிக் குழுவில் 18 பேர். வயசு 23-லிருந்து 61 வரை. பெரும்பாலும் தக்காளி, பூந்தோட்ட வேலை. அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, மார்பகத்தை வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கிறதுன்னு சொல்லிக்கொடுக்கத் தீர்மானம் போட்டிருக்கோம்.

எந்த நாளில் பார்க்கணும்? தீட்டு நின்னவங்க எப்போ பார்க்கிறது? கையை எப்படி வைக்கணும், எவ்வளவு அழுத்தணும்? எது இயல்பு, எதுக்கு உடனே கிளம்பணும்? கட்டி தட்டுப்பட்டா முதல்ல எங்கே போகணும், அங்கே என்ன செய்வாங்க? "வலிக்கலைன்னா ஒண்ணுமில்லை"ன்னு குழுவில் பாதிப் பேருக்கு மேல் நம்புறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? திரை, புரொஜெக்டர் எதுவும் கிடையாது. வெறும் கையாலதான் சொல்லிக்கொடுக்கணும்.

---

கிராமச்செவிலி

அக்கா, கடைசிக் கேள்வியிலிருந்தே கூட்டத்தை ஆரம்பிங்க. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிச்சாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போவோம்? அதனாலதான் வலிக்காத கட்டி மாசக்கணக்கில் அப்படியே கிடக்குது. மாதவிலக்குக்கு முன்னால ரெண்டு பக்கமும் கனத்து வலிக்கிறது பெரும்பாலும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால வர்றது. வலியில்லாத புதுக் கட்டிதான் அவசரம். இந்த ஒண்ணு மட்டும் 18 பேர் மனசிலும் நின்னுட்டாலே கூட்டம் நடத்தினது வீண்போகாது.

நாள்: மாதவிலக்கு முடிஞ்ச 3-லிருந்து 5 நாளுக்குள்ள. அப்போதான் வீக்கம் வடிஞ்சு மார்பு இளகி இருக்கும். தீட்டு நின்னவங்க, கர்ப்பப்பை எடுத்தவங்க மாசத்தில் ஒரே தேதியை வெச்சுக்கட்டும். அமாவாசைன்னு வெச்சுக்கிட்டாக்கூட மறக்காது.

முதல்ல கண்ணால பார்க்கணும். பீரோ கண்ணாடி போதும். வெளிச்சம் பக்கத்து ஜன்னலிலிருந்து விழணும். நேர் எதிரே லைட் இருந்தா சின்னக் குழி கண்ணுக்குத் தெரியாது. கையைத் தொங்கவிட்டு ஒரு தடவை, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஒரு தடவை, இடுப்பில் கையை ஊன்றி நல்லா அழுத்தி ஒரு தடவை, முன்னால குனிஞ்சு ஒரு தடவை. இடுப்பை அழுத்தச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அப்போ மார்புத் தசை இறுகும். உள்ளே கட்டி எதையாவது பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தா, மேல்தோல் அந்த இடத்தில் சுருங்கிக் குழி விழும். சும்மா நிக்கும்போது அது தெரியாது.

பார்க்க வேண்டியது குழி, கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிச்சுப் புள்ளிபுள்ளியா ஆன தோல், புதுசா உள்ளே போன காம்பு, காம்பு மேல ஆறாத புண். ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசுன்னு இருந்தா பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு அப்படித்தான். வயசுக்கு வந்ததிலிருந்தே காம்பு உள்ளடங்கி இருந்தாலும் அது இயல்புதான். புதுசா வந்த மாற்றத்தைத்தான் தேடுறோம்.

அடுத்து கையால. படுத்துக்கிட்டுப் பார்க்கணும், அப்போதான் மார்பு பரவி மெலிசா ஆகும். வலது பக்கம் பார்க்க வலது தோளுக்கு அடியில் மடிச்ச புடவையோ துண்டோ வெச்சு, வலது கையைத் தலைக்கு அடியில் கொடுத்துக்கணும். இடது கையின் நடு மூணு விரலைச் சேர்த்து, நகம் இருக்கிற நுனியால இல்லாம விரலோட தட்டையான சதையால பார்க்கணும். ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கிட்டா விரல் வழுக்கும்.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சின்ன வட்டமா சுத்தணும். ஒவ்வொரு இடத்திலும் மூணு அழுத்தம். முதல் தடவை தோல் மட்டும் அசையணும். ரெண்டாவதில் நடுச்சதை. மூணாவதில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். அப்புறம் விரலை எடுக்காம நகர்த்தணும். வயலில் சால் ஓட்டுற மாதிரின்னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க. அக்குளுக்கு நேர் கீழே ஆரம்பிச்சு நடு நெஞ்செலும்பு வரை, மேலே காறை எலும்பிலிருந்து கீழே மார்பு மடிப்பைத் தாண்டி வரை, மேலும் கீழுமா, விரல் அகலம் தள்ளித் தள்ளி. அவசரமில்லாம ஒரு பக்கத்துக்கு 5 நிமிஷம்.

அக்குள் ஓரத்து மேல்பகுதியை அதிக நேரம் பார்க்கச் சொல்லுங்க. சதை அங்கேதான் அதிகம். புற்றுநோயில் கிட்டத்தட்ட பாதி அந்தப் பக்கம்தான் வருது. அக்குளை உட்கார்ந்துக்கிட்டு, கையை லேசா மட்டும் தூக்கிப் பார்க்கணும். முழுசாத் தூக்கினா தோல் இறுகி உள்ளே இருக்கிற நெறி தட்டுப்படாது.

எல்லாரும் செய்யிற தப்பு ஒண்ணு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையைக் கிள்ளிப் பிடிச்சுப் பார்க்கிறது. அப்படிப் பிடிச்சா எந்தச் சதையும் கட்டி மாதிரிதான் தெரியும். தட்டையா வெச்சு விலா எலும்போட சேர்த்து அழுத்தும்போதும் கைக்குக் கீழே நிக்கிறதுதான் கட்டி.

செய்து காட்ட ஒரு வழி. கோதுமை மாவைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சப்பாத்திப் பதத்துக்குப் பிசைஞ்சு, ரெண்டு அங்குல உயரத்துக்குத் தட்டில் வையுங்க. அடியில் ஒரு புளியங்கொட்டை, மேலாப்புல ஒரு கடலைப்பருப்பு புதைச்சு, மெல்லிய பருத்தித் துணி போட்டு மூடிடுங்க. லேசா அழுத்தினா பருப்பு மட்டும் தெரியும். நல்லா அழுத்தினாத்தான் கொட்டை கிடைக்கும். மூணு அழுத்தம் எதுக்குன்னு விரலே சொல்லிடும். பக்கத்தில் ஒரு சின்னத் துணிப்பையில் கேழ்வரகு கட்டி வையுங்க. மாதவிலக்குக்கு முன்னால மார்பு அந்த மாதிரி நெறுநெறுன்னு இருக்கும், அது இயல்புன்னு தொட்டுக் காட்டலாம். மார்பின் அடி விளிம்பில் அரைவட்டமா ஒரு தடிப்பு நிறையப் பேருக்கு உண்டு, அது இயல்பு. அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா அன்னைக்கு ராத்திரியே பயந்துபோய் உங்களுக்குப் போன் வரும்.

---

அறுவைசிகிச்சை_மருத்துவர்

செவிலி சொன்ன முறை சரி. ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீனாவின் ஷாங்காயில் ஜவுளி ஆலைப் பெண்கள் சுமார் 2,66,000 பேரை வைத்து நடத்திய ஆய்வின் இறுதி முடிவு 2002-இல் வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) கூடியது. மாறாக, மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 ஆண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஆகவே தன் உடம்பைத் தானே தெரிந்துவைப்பது ஒரு கால், பயிற்சி பெற்ற கை பார்ப்பது இன்னொரு கால். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர் மார்பகத்தை இலவசமாகச் சோதிப்பார். கர்ப்பப்பை வாய்ச் சோதனையும் அங்கேயே உண்டு. வீடு தேடி வரும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொல்லி, குழு முழுவதற்கும் ஒரே நாளில் வரச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கலாம்? மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, வேறெந்த மாற்றமும் இல்லையென்றால், தீட்டு முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இருந்தால் போய்விடுங்கள். மாதவிலக்கு நின்றவருக்குக் கட்டி, தோலில் குழி, அக்குளில் நெறி, அழுத்தாமலே ஒரே காம்பிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ கசிவது ஆகியவற்றுக்குக் காத்திருப்பு கிடையாது, அதே வாரம் கிளம்ப வேண்டும். இரண்டு காம்பிலும் பிதுக்கினால் பால்போல் வருவது பெரும்பாலும் வேறு விஷயம். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளாலும் தைராய்டு குறைவாலும் அது வரும். அடிக்கடி பிதுக்கிப் பார்ப்பதே அதை நிற்கவிடாது.

மருத்துவமனையில் மூன்று படி. கையால் சோதனை, படம், ஊசி. 40-க்குக் கீழே சதை அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட். அதற்கு மேல் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேரும். மேமோகிராம் அன்று பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அதன் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் விழுந்து குழப்பும். அறிக்கையில் பைராட்ஸ் எண் (படத்தில் எவ்வளவு சந்தேகம் என்று காட்டும் எண்) இருக்கும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் 6 மாதத்தில் மறுபடம். 4, 5 என்றால் ஊசிச் சோதனை. 0 என்றால் படம் போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்று பொருள். அது நல்ல முடிவு அல்ல.

இளம் பெண்களிடம் விரலுக்குச் சிக்காமல் நழுவி ஓடும் உருண்டைக் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா. அது புற்று அல்ல. ஆனாலும் விரலை நம்பி முடிவு கட்டாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது இது. "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்பது தவறு. கோர் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுப்பது, மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுக்கப்படும். அன்றே வீட்டுக்குப் போகலாம். உண்மையில் கேடு செய்வது, ஊசிச் சோதனை இல்லாமலே "சின்னக் கட்டிதான்" என்று வெட்டி எடுத்துவிடுவது. அது புற்றாக இருந்தால் ஓரத்தில் மிச்சம் நின்றுவிடும். அடுத்த அறுவை சிகிச்சையும் கடினமாகும். எதை வெட்டினாலும் அந்தச் சதை ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் வைக்கும் திரவம்) போட்டு ஆய்வுக்குப் போயே ஆக வேண்டும். தண்ணீரிலோ சலைனிலோ போட்டுவைத்தால் கெட்டுவிடும். பிறகு மருந்தைத் தீர்மானிக்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனை எதையும் நம்ப முடியாது. அறிக்கை, ஸ்லைடு, சதையைப் பதித்த மெழுகுக் கட்டை மூன்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மேல் சிகிச்சைக்கு எங்கே போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அறுவைசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் கட்டி வந்தபிறகு அலையாமல் இப்போதே எடுத்துவைக்கட்டும். வழி தெரியாவிட்டால் 104-க்கு அழைக்கலாம்.

---

பாலக்கோடு_குழு

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் சிவந்து வெந்து போகுதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. பால் கொடுக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் குழுவில் இருக்காங்க. அவங்களுக்குக் கட்டி வந்தா பால் கட்டினதா, வேறயான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

---

தாய்சேய்_ஆலோசகர்

மடிப்பில் வர்ற புண் முக்கால்வாசி வியர்வையும் பூஞ்சையும் சேர்ந்தது. வேலை முடிஞ்சு வந்ததும் கழுவி, ஒற்றித் துடைச்சு, மடிப்பு நல்லாக் காயணும். உலர்ந்த பருத்தித் துணியை மடிப்பில் வெச்சு, நனைஞ்சதும் மாத்தணும். பவுடர் வியர்வையில் களியாகி இன்னும் உரசும். க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு மெலிசா, காலையும் ராத்திரியும், 2 வாரம். ஆறினது மாதிரி தெரிஞ்சாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் "அரிப்புக்கு"ன்னு எடுத்துக் கொடுக்கிற டியூபில் குளோபிடசோல், பீட்டாமெத்தசோன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அது ஸ்டீராய்டு. ரெண்டு நாள் சுகமா இருந்துட்டு, படர்தாமரை முன்னைவிட வேகமாப் பரவும். திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரை பார்க்கணும். ரவிக்கைக்குள்ள சுருக்குப்பை, செல்போன் வெச்சு வேலை பார்க்கிறதாலயும் ஈரம் தங்கித் தோல் உரிஞ்சுபோகும். இடுப்பில் செருகிக்கச் சொல்லுங்க. ஆனா செல்போன், கறுப்பு பிரா, இறுக்கமான ரவிக்கை இதெல்லாம் புற்றுநோய் வரவைக்கும்னு யாராவது கிளப்பினா, அப்படி எதுவும் நிரூபிக்கப்படலைன்னு தெளிவாச் சொல்லிடுங்க.

பால் கட்டினா குழந்தை குடிச்சதும் சுருங்கணும், ஒரு ரெண்டு நாளில் கரையணும். அந்தப் பக்கம் பால் கொடுக்கிறதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினா தேங்கி இன்னும் வீங்கும். குழந்தையின் வாயில் காம்பு மட்டும் போகாம, சுத்தியிருக்கிற கருவட்டமும் சேர்ந்து போகணும். தாடை மார்பைத் தொடணும். கொடுத்து முடிச்சதும் ஈரத்துணி ஒத்தடம் 10 நிமிஷம். சீப்பால வாருறது, கட்டியை அமுக்கி உருட்டறது ரெண்டும் வேண்டாம். உள்ளே சதை நசுங்கி வீக்கம் கூடத்தான் செய்யும். பால் வத்த மல்லிகைப்பூ கட்டுறது பழைய வழக்கம்தான். அதை இந்த நேரத்தில் செய்யக் கூடாது, பால் தேங்கிடும். சுண்ணாம்புப் பத்தும் வேண்டாம். தோலைச் சுட்டுரும், தோலில் வர்ற மாற்றத்தையும் மறைச்சுரும்.

சிவப்பும் காய்ச்சலும் 24 மணி நேரத்தில் தணியலைன்னா டாக்டர்கிட்ட போகணும். எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கைக் கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடணும். நடுவில் கொழகொழன்னு ஆச்சுன்னா சீழ். ஸ்கேன் பார்த்து ஊசியாலேயே உறிஞ்சி எடுக்கலாம், கிழிக்க வேண்டியது பெரும்பாலும் வராது. மருந்து முடிஞ்சும் சிவப்பும் தடிப்பும் அப்படியே நின்னா "பால் கட்டு"ன்னு விட்டுறாதீங்க. பயாப்ஸி வேணுமான்னு வாய்விட்டுக் கேளுங்க. புற்றுநோயில் ஒரு வகை இதே வேஷத்தில்தான் வரும். பால் கொடுத்தபிறகும் மாறாத கட்டி 2 வாரம் இருந்தா ஸ்கேன் எடுங்க. ஸ்கேனால பாலுக்கோ குழந்தைக்கோ எதுவும் ஆகாது.

---

தேன்கனிக்கோட்டை_களப்பணி

கெலமங்கலம், தளி பக்கம் இதையே நடத்த நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தெலுங்கும் கன்னடமும் பேசுற வீடுகளில் "மார்பகப் பரிசோதனை"ன்னா காதில் ஏறாது. தெலுங்கில் "கட்ட" (gadda), கன்னடத்தில் "கட்டெ" (gadde) இருக்கான்னு கேட்டா உடனே கை அந்த இடத்துக்குப் போகும். கூட்டத்தில் ஆம்பளைங்க இல்லாம, கதவைச் சாத்தி நடத்துங்க. முடிஞ்சதும் வாசலில் யாரோ ஒருத்தர் தனியா நின்னுட்டிருப்பாங்க. ஏதோ கேட்கத்தான் நிக்கிறாங்க. அவங்ககிட்ட அங்கேயே பேசி, சுகாதார நிலையத்துக்கு யார் கூட, என்னைக்குப் போறாங்கன்னு தேதியைக் குறிச்சுக்கிட்டு அனுப்புங்க.