பல்லவியில் ஊர்ப்பெயர் உட்கார மாட்டேன் என்கிறது

கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் ஒரு பாப் பாட்டு போடுகிறேன், வேகம் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்). மூன்று வாரமாகப் பல்லவியிலேயே நிற்கிறேன்.

பாப் பாட்டு எழுதும் ஸ்வீடன்காரர் மாக்ஸ் மார்ட்டின் வழியில் முதலில் மெட்டு, அப்புறம்தான் வார்த்தை. ராக் பேண்டில் பாடகராக இருந்தவர், ஸ்டாக்ஹோமின் செய்ரான் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் டெனிஸ் பாப்பிடம் தொழில் கற்றவர். இரண்டு வரிக்கும் அசை (யாப்பின் நேர், நிரை இல்லை, சிலபிள்) எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும் என்பதில் அவர் கறார். நானும் எண்ணித்தான் எழுதினேன்:

மாந்தோப்புக்குள்ளே
கிருஷ்ணகிரி

இரண்டிலும் ஐந்து அசை. ஆனால் கடைசி ஸ்வரம் இரண்டு பீட் நீளம். ‘ளே’ நெடில், சுகமாக நிற்கிறது. ‘ரி’ குறில், இழுத்தால் ‘கிருஷ்ணகிரீ’. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சினிமாவில் இழுக்காததா என்கிறான் நண்பன். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஸ்வரத்தைக் குறுக்கினேன், பல்லவி சப்பென்று ஆகிவிட்டது. ‘கிருஷ்ணகிரியே’ என்றால் ஆறு அசை. ‘கிரியில்’ என்றாலும் ஆறுதான், அதோடு ‘ல்’ வந்து வாயை மூடிவிடுகிறது. ஊர்ப்பெயரை வரியின் தொடக்கத்துக்கு மாற்றினேன், பஞ்ச் போய்விட்டது.

மெட்டுக்குப் பாட்டெழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: மெட்டை மாற்றாமல், அந்த இரண்டு பீட்டில் ‘கிருஷ்ணகிரி’யை எப்படி முடிப்பது?