கர்ப்பப்பைக் கட்டி: எம்பாலிசேஷன் செய்தால் கர்ப்பப்பையை எடுக்காமல் சமாளிக்கலாமா?

கேள்வி:
அக்காவுக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பைச் சுவருக்குள் 7 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி. மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 8. கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ரத்தக்குழாய் வழியாகக் கட்டியைச் சுருக்கும் எம்பாலிசேஷன் எப்படிச் செய்யப்படுகிறது? வலி இருக்குமா? கட்டி திரும்ப வருமா?

பதில் 1:
வயிற்றைக் கிழிக்க வேண்டாம், பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக, 2 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைப்பார்கள். ரத்தக்குழாயைக் காட்டும் ஆஞ்சியோ எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அதைக் கர்ப்பப்பைத் தமனிவரை கொண்டுபோய், பெரும்பாலும் 500 முதல் 700 மைக்ரான் அளவுள்ள துகள்களை மெதுவாகச் செலுத்துவார்கள். கட்டிக்கு ரத்தம் நின்றுபோகும். கர்ப்பப்பைக்கு வேறு கிளைகளிலிருந்தும் ரத்தம் வருவதால் அது பிழைத்துக்கொள்ளும்.

இடம், வலம் இரண்டு தமனிகளையும் அடைப்பது முக்கியம். ஒன்றை விட்டால் அந்தப் பக்கத்து ரத்தமே கட்டிக்குப் போதும். சில பெண்களுக்குச் சினைப்பைத் தமனியிலிருந்தும் கட்டிக்கு ரத்தம் போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் உதிரப்போக்கு குறையாது.

பதில் 2:
வலி பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ரத்தம் நின்ற கட்டி சாகும்போது கடுமையாக வலிக்கும், முதல் 12 மணி நேரம்தான் உச்சம். அதனால்தான் ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் வைத்து, மார்ஃபின் வகை மருந்து கொடுப்பார்கள். பிறகு சில நாட்கள் லேசான காய்ச்சல், குமட்டல், அசதி இருக்கும். இவை எதிர்பார்த்தவையே. ஆனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் ஏறி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் அது தொற்று. உடனே போக வேண்டும். கர்ப்பப்பையின் உட்பக்கம் துருத்தும் கட்டியானால், செத்த சதை வெளியேறும்போது கர்ப்பப்பை வாயில் அடைத்துக்கொண்டு தொற்று வருவது உண்டு.

பதில் 3:
கட்டி மறையாது. ஆறு மாதத்தில் கன அளவு ஏறக்குறைய பாதியாகும், உதிரப்போக்கு அதற்கு முன்பே குறையத் தொடங்கும். நெதர்லாந்தின் எம்மி ஆய்வில் சேர்ந்தவர்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருந்த பெண்கள். எம்பாலிசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு 10 ஆண்டு கழித்தும் அந்த அறுவை தேவைப்படவில்லை. மீதிப் பேருக்குத் தேவைப்பட்டது என்பதையும் அக்காவிடம் சொல்லுங்கள். 44 வயது என்பது சாதகம்: மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்குகிறது, நின்றபின் கட்டிகள் தாமாகவே சுருங்கும். இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு, கட்டியை மட்டும் அகற்றும் அறுவையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

முதலில் கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டம் படத்தில் தெரிவதற்கான ஊசி மருந்து) கொடுத்து எம்ஆர்ஐ எடுங்கள். ரத்த ஓட்டமே இல்லாத கட்டியை அடைத்துப் பயனில்லை. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் திசுப் பரிசோதனை முடியாமல் இதில் இறங்கக் கூடாது. ஹீமோகுளோபின் 8 என்பதால் இரும்புச் சத்து ஊசியை இப்போதே கேளுங்கள், எந்தச் சிகிச்சையானாலும் அது வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதால், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எம்ஆர்ஐக்கு எழுதித் தருவது மகப்பேறு மருத்துவரா?

பதில் 3:
அவரே எழுதலாம். ஆனால் எம்பாலிசேஷன் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவரை நேரில் பார்த்து, அவர் கேட்கும் முறையில் படம் எடுத்தால் இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருக்காது.