மே 15 அறுவடைத் திருவிழா, பிலிப்பைன்ஸின் கேசோன் மாகாணம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்க

கப்பல்_கணேசன்:
லுக்பான் ஊரின் பாஹியாஸ் திருவிழா பற்றி எல்லோரும் எழுதியாச்சு, படமும் போட்டாச்சு. அதை விட்டுவிடுகிறேன். என்னுடையது சரியாயா ஊர், அதே நாள் திருவிழாவுக்கு அங்கே அகாவான் என்று பெயர். என்னோடு கப்பலில் இருந்த ஃபிட்டரின் வீடு ஊர்வலம் போகிற தெருவிலேயே இருந்தது.

வாசலில் பகாகாய் மூங்கிலை நுனி தெருப்பக்கம் சாய்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். கிளைக்குக் கிளை காராமணி, கத்தரிக்காய், மாங்காய், கலர் காகிதம் சுற்றிய ரொட்டி. எனக்குக் காலைப் பசி. கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ரொட்டி தொங்கவே, கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினேன். ஃபிட்டரின் பாட்டி (லோலா என்றுதான் கூப்பிடுவார்கள்) கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார். அப்புறம் உள்ளே கூட்டிப் போய் வயிறு முட்டச் சோறு போட்டார், அது வேறு விஷயம். மூங்கிலில் இருப்பதை மட்டும் தொட விடவில்லை.

மதியத்துக்கு மேல் ஊர்வலத்தில் சான் இசித்ரோ என்ற புனிதரின் சிலை வந்தது. அது வீட்டைத் தாண்டும்வரை கூட்டம் மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றது, ஒரு கை மேலே போகவில்லை. தாண்டியதுதான் தாமதம், பாய்ந்தார்கள் பாருங்க! கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு வந்த பெண், யாரும் பாக்கியில்லை. மூங்கில் முறிந்தது. முறிந்த துண்டைக் கத்தரிக்காயோடு தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஓடினான். படியில் நின்ற என்னை லோலா முதுகில் கைவைத்துக் கூட்டத்துக்குள் தள்ளினார், "அகாவ்! அகாவ்!" என்று கத்திக்கொண்டே. பறி, பறி! ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு முடிச்சும் போட்டவர் அவர். அரை நிமிஷத்தில் வெறும் கயிறுதான் மிச்சம். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கே, அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

லகுனா_ராஜ்:
நான் பக்கத்து மாகாணமான லகுனாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கூட வேலை செய்தவர் லுக்பான்காரர், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். ஊர்வலப் பாதை அங்கே வருஷத்துக்கு வருஷம் மாறும், தெரியும் இல்லையா? பாதையில் விழுகிற வீடுகள்தான் பெரிய அளவில் ஜோடிக்கும், போட்டி, பரிசு எல்லாம் அவர்களுக்குத்தான். இவர்கள் தெரு அந்த வருஷம் பாதையில் இல்லை.

ஆனாலும் அவர் அப்பா கிப்பிங் செய்திருந்தார். அரிசியை ஊறவைத்து அரைத்து, சாயம் கலந்து, இலைமேல் தடவி ஆவியில் வேகவைத்து, இலையை மட்டும் உரித்து எடுக்க வேண்டும். காய்ந்ததும் இலையின் நரம்பெல்லாம் அதில் அச்சாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் கலர் கண்ணாடி, கடித்தால் வேகாத அப்பளம். பெரிய வீடுகளில் இதையே நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சரவிளக்கு மாதிரி தொங்கவிடுவார்கள், அராங்யா என்று பெயர். பெரியவர் ஜன்னலில் ஒரே ஒரு வரிசை கட்டிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் ஆளே இல்லை. வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, "பாஹியாஸ் எங்கே நடக்கிறது?" என்று அவரிடமே கேட்டார்கள். எழுந்து நின்று, கையை நீட்டி, பொறுமையாக வழி சொன்னார். அவர்கள் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுமான்_சுந்தர்:
கணேசன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீங்க. நீங்கள் சொல்வது எனக்குத் திருவிழாவாகவே தோன்றவில்லை, தள்ளுமுள்ளு. அதே நாள் பக்கத்து ஊர் தயாபாஸில் நின்றேன். அங்கே சிலை வரும்போது மாடி ஜன்னலிலிருந்து சுமானை அள்ளி வீசுவார்கள். இலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பலகாரம், கல் மாதிரி வரும். எனக்கு நெற்றியில் ஒன்று விழுந்து கண் இருட்டியது. சுதாரிப்பதற்குள், முன்னால் நின்ற அம்மா குடையைத் தலைகீழாக விரித்து அத்தனையையும் பிடித்துவிட்டார். திரும்பி என் நெற்றியைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றுகூடத் தரவில்லை! இருந்தாலும் தயாபாஸில் வீட்டுக்காரர் தன் கையால் போடுகிறார். சரியாயாவில் நாம் பிடுங்குகிறோம். வித்தியாசம் இல்லையா?

மணிலா_மெடிக்கோ:
என்ன வித்தியாசம்? நெற்றியில் அடிபட்டதைத் தவிர? இரண்டுமே விளைச்சலுக்கு நன்றி சொல்வதுதான். இசித்ரோ என்பவர் ஸ்பெயினில் கூலிக்கு ஏர் ஓட்டியவர், விவசாயிகளின் புனிதர். அவர் ஜெபத்தில் இருக்க, தேவதூதர்கள் வந்து உழுதார்கள் என்று கதை. லுக்பானில் சொல்வது இப்படி: முன்பு விளைச்சலைக் கோயில் முன்னால் கொண்டுவந்து குவிப்பார்கள், பாதிரியார் ஆசீர்வதிப்பார். இடம் போதாமல் போகவே, அவரவர் வாசலில் வையுங்கள், நாங்கள் வருகிறோம் என்று ஆகிவிட்டது. ஆக, புனிதர் பார்க்கும்வரை அது அவருக்குரியது, பார்த்தபின் ஊருக்கு. அந்த லோலா அடித்ததில் ஒரு தப்பும் இல்லை.

என் கதை சின்னது. லுக்பானில் பன்சித் ஹப்ஹப் வாங்கினேன். வாழை இலைத் துண்டில் நூடுல்ஸ், மேலே வினிகர். ஃபோர்க் கேட்டேன். கடைக்காரப் பெண் சத்தமாகச் சொல்லி வரிசையையே சிரிக்கவைத்தாள். இலையோடு தூக்கி வாயில் கவிழ்த்துக்கொள்ள வேண்டுமாம். பின்னால் நின்ற சிறுவன் எனக்குச் செய்து காட்டினான். வெள்ளைக் கோட்டு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் பட்டதில்லை.

லூசெனா_மூர்த்தி:
நான் பார்த்ததில் சொல்ல அதிகம் இல்லை, மழை வந்து கிப்பிங் கரைந்து சுவரெல்லாம் பச்சையாக வழிந்தது, அவ்வளவுதான். போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். அன்று காலை மணிலாவிலிருந்து கிளம்பாதீங்க, பாதி வழியில் நின்றுவிடுவீங்க. முந்தின நாளே பக்கத்து நகரமான லூசெனா வந்து தங்குங்கள். அங்கிருந்து ஜீப்னி (ஷேர் ஜீப்) உண்டு, ஆனால் ஊர் எல்லையில் இறக்கிவிடுவார்கள், மிச்சம் நடைதான். லுக்பானைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் கூட்டத்தில் மூச்சு முட்டும். மூன்று ஊரையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று அலைந்தால் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. சைவக்காரர்களுக்கு: லொங்கனீசா என்கிற சாசேஜ் பன்றி இறைச்சி, பூண்டு வாசனையில் மயங்கிவிடாதீங்க. ஹப்ஹப்பிலும் இறைச்சித் துண்டு இருக்கும், கேட்டு வாங்குங்க. கிப்பிங்கைப் பெட்டியில் வைத்தால் தூளாகும். தின்ன வேண்டுமென்றால் எண்ணெயில் பொரிக்கணும். லம்பானோக் என்று தென்னங்கள்ளை வடித்த சாராயம் நீட்டுவார்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீங்க. 2019 டிசம்பரில் லகுனாவிலும் கேசோனிலும் மெத்தனால் கலந்ததைக் குடித்துப் பலர் செத்தார்கள். வீட்டார் ஒரே கோப்பையில் சுற்றுக்கு ஊற்றித் தந்தால் அது மரியாதை, வேண்டாம் என்றால் நெஞ்சில் கைவைத்துச் சிரித்துவிடுங்கள், கோபிக்கமாட்டார்கள். அப்புறம் குடை. கூட்டத்தில் குடை கொண்டு போகாதீங்க சுந்தர், பிறர் கண்ணைக் குத்தும்.

கப்பல்_கணேசன்:
மெடிக்கோ சொன்னது கொஞ்சம் விளங்குகிறது. ராஜ், அந்தப் பெரியவர் தெருவுக்கு அப்புறமாவது முறை வந்ததா?

லகுனா_ராஜ்:
2020-இல் வரும் என்று காத்திருந்தார்கள். கொரோனா, அந்த வருஷம் பாஹியாஸே இல்லை. நானும் ஊர் திரும்பிவிட்டேன். நண்பரிடம் கேட்க மனசு வரவில்லை.

சுமான்_சுந்தர்:
மூர்த்தி சார், குடை என்னுடையது இல்லை. முன்னால் நின்ற அந்த அம்மாவுடையது. நான் வெறுங்கையோடுதான் போனேன், வெறுங்கையோடுதான் வந்தேன்.