அடியில் சியான்லொங் முத்திரை உள்ள சீனத் தட்டுகள்: காலத்தையும் விலையையும் அறிவது எப்படி?

கேள்வி:
பெரியப்பாவின் அலமாரியிலிருந்து நான்கு சீனப் பீங்கான் அலங்காரத் தட்டுகள் என் கைக்கு வந்துள்ளன; அவற்றை விற்க விரும்புகிறேன். மூன்றில் இளஞ்சிவப்புப் பியோனி மலர்களும் பறவைகளும் உள்ளன. அவற்றின் அடியில் உள்ள சிவப்புச் சதுர முத்திரையைப் படித்துக் காட்டிய நண்பர், 'மாபெரும் சிங் அரசின் சியான்லொங் ஆண்டுகளில் செய்யப்பட்டது' என்பதே அதன் பொருள் என்றார். அந்தப் பேரரசரின் ஆட்சி 1736 முதல் 1795 வரை என்று அறிந்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. நான்காவது தட்டில் ஒரு பெண்ணின் உருவமும், பின்புறத்தில் 1986 என்ற ஆண்டும் வரிசை எண்ணும் உள்ளன. வணிகர் ஒருவர் எதையும் திருப்பிப் பார்க்காமலே நான்குக்கும் சேர்த்து ஒரு சிறு தொகை சொன்னார். முத்திரையை நம்புவதா, அவரை நம்புவதா?

பதில் 1:
முத்திரையைக் கடைசியில் பாருங்கள். முந்தைய பேரரசரின் பெயரை இடுவது சீனக் குயவர்களிடையே நெடுங்கால வழக்கம். காங்சி காலத்தில் (1662–1722) செய்த பாண்டங்களிலேயே, அதற்கு இரு நூற்றாண்டுகள் முந்தைய செங்ஹுவா முத்திரை காணப்படுகிறது. அதை எப்போதும் ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. முன்னோருக்குச் செய்த மரியாதையாகவும் அது இருந்தது. சிவப்பில் குத்திய சதுர சியான்லொங் முத்திரையோ, 20ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்காகச் செய்த தட்டுகளில் மிகச் சாதாரணம்.

முதலில் தட்டைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். கண்ணாடிப் பூச்சு படாத அந்த விளிம்பில்தான் மண்ணின் இயல்பு தெரியும். விரல் நுனியால் சுற்றி வருடினால், பல காலம் புழங்கிய வளையம் வழவழப்பாகவும் ஆங்காங்கே ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தும் இருக்கும். புதியது பெரும்பாலும் சுண்ணாம்பு போல் வெளுத்துச் சொரசொரக்கும். பழுப்புக் கறை சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால், யாரோ பூசியிருக்கிறார்கள் என்றே ஐயப்படுவேன். பிறகு பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை ஓர் இதழின் மேல் வையுங்கள். கையால் தீட்டியதில் தூரிகை பட்ட இடம் தடித்தும் விட்ட இடம் மெலிந்தும் இருக்கும். அச்சுப்படத்தை ஒட்டிச் சூளையிலிட்டதில், செய்தித்தாள் படத்தைப் போல நிறம் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.

அடியில் ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சொல் இருந்தால் தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

பதில் 2:
நான்காவது தட்டு, ஜிங்தெசென் நகரில் செய்யப்பட்டு மேலை நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு வரிசையாக விற்கப்பட்ட வகையாக இருக்கலாம். 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலின் பெண்களைச் சித்திரிக்கும் வரிசை 1986இல்தான் தொடங்கியது. ஏராளமாகச் செய்யப்பட்டதால் விலை குறைவுதான். வரிசை எண் இருப்பதால் அரியது என்று எண்ண வேண்டாம். அசல் பெட்டியும் சான்றிதழும் இருந்தால் விற்பது எளிது.

கேட்டவர்:
இரண்டு தட்டுகளில் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவதில் புள்ளி இல்லை. இதழின் இளஞ்சிவப்பு விரலுக்குச் சற்று மேடாகவே தட்டுப்படுகிறது. ஆனால் முத்திரைக்குக் கீழே 'சைனா' என்ற சொல்லும், சுவரில் மாட்டும் கம்பியின் கொக்கி பிடித்திருந்த இடத்திலிருந்து உள்நோக்கி ஒரு மயிரிழை விரிசலும் இருக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் மூன்றாவது, கையால் தீட்டிய 20ஆம் நூற்றாண்டுத் தட்டு என்றே கொள்ளலாம். விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணியோசை எழாமல் மங்கலாக ஒலித்தால் விரிசல் ஆழமானது, விலையும் அதற்கேற்பக் குறையும். பசை தடவி மறைக்காதீர்கள். பழுதுபார்த்ததை மறைத்த தட்டை, விரிசலுள்ள தட்டைவிட மோசமாகவே வாங்குவோர் கருதுவார்கள்.

விலைக்கு, விற்போர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏலங்களிலும் இணையச் சந்தைகளிலும் இதே அளவும் இதே சித்திரமும் உள்ளவை உண்மையில் விற்றுமுடிந்த தொகையைப் பாருங்கள். அச்சுப்படத் தட்டுகள் இரண்டையும் ஜோடியாகவும், மற்ற இரண்டையும் தனித்தனியாகவும் விற்கலாம். விவரத்தில் 'சியான்லொங் காலத்தது' என்று எழுதாமல், 'சியான்லொங் முத்திரையுள்ள, 20ஆம் நூற்றாண்டுத் தட்டு' என்று எழுதி, அடிவளையத்தின் படத்தையும் விரிசலின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்த வணிகரின் மீது எனக்குப் பெரிய குறையில்லை. இத்தகைய தட்டுகளை நாள்தோறும் பார்ப்பவருக்கு மூன்றடி தூரமே போதும். ஆனாலும் கையால் தீட்டியதை அவர் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற தட்டுகளிலும் மாட்டும் கம்பி இருந்தால், இழுத்துக் கழற்ற முயல வேண்டாம்; விளிம்பில் தெறிப்பு விழும். குறடால் கம்பியை நறுக்கி எடுங்கள்.